இன்னிக்கு ராத்திரி வண்டியை எங்கே நிறுத்துறது? - வெள்ளி ட்ரெய்லர் வாலி பையமின் கதை!

ரீல்ஸ் தள்ளிக்கிட்டே போகும்போது அந்த வண்டி உங்க கண்ணுல கண்டிப்பா பட்டிருக்கும். வெள்ளி டம்ளரைப் படுக்கப் போட்ட மாதிரி பளபளன்னு ஒரு ட்ரெய்லர், ஒரு காருக்குப் பின்னாடி இழுபட்டு வரும். உள்ளே கட்டில், கிச்சன், குட்டி பாத்ரூம். வெளியே ஏரி, மலை, மடக்கு நாற்காலி, கையில ஒரு கப் காபி. பார்த்த உடனே வேலையை ரிசைன் பண்ணிட்டுக் கிளம்பிடலாமான்னு தோணும்.

ஆனா, அந்த ஏரிக்கரையில இடம் பிடிக்க எத்தனை மாசத்துக்கு முன்னாடி புக் பண்ணாங்க, இடம் கிடைக்காத ராத்திரியில எங்கே தூங்கினாங்கன்னு யாரும் ரீல் போடறதில்லை. வீட்டையே இழுத்துக்கிட்டுப் போறவங்களுக்கு லாட்ஜ் தேட வேண்டிய கவலை கிடையாது. ஆனா சாயங்காலம் 4 மணி தாண்டினா, வயித்தைப் பிசையற ஒரு கேள்வி வந்து நிக்கும். இன்னிக்கு ராத்திரி வண்டியை எங்கே நிறுத்துறது?

அந்த வெள்ளி வண்டிக்குப் பேர் ஏர்ஸ்ட்ரீம். அதை உருவாக்கினவர் பேர் வாலி பையம். நம்ம கவிஞர் வாலி இல்லைங்க, இவர் அமெரிக்கக்காரர். அழகான வண்டி செஞ்சு வித்த தொழிலதிபர்னுதான் இவரைப் பத்தி வழக்கமா சொல்வாங்க. அவர் வாழ்க்கையைக் கொஞ்சம் உத்துப் பார்த்தா, வண்டி செய்யறது அவருக்குப் பாதி வேலைதான்னு தெரியும். மீதிப் பாதி, அதை நிறுத்த இடம் தேடறதுலேயே போயிருக்கு!

கழுதை வண்டியில் ஒரு வீடு

வாலஸ் மெர்ல் பையம் பிறந்தது 1896, ஜூலை 4. அமெரிக்காவின் சுதந்திர தினத்தன்று! ஊர், ஓரிகன் மாநிலத்தில் இருக்கும் பேக்கர் சிட்டி. தாத்தா அந்தப் பக்கத்துல கோவேறு கழுதைகள்ல சரக்கு ஏத்திப் போற கூட்டத்தை நடத்தினவர். பையனுக்கு விவரம் தெரியறதுக்குள்ளேயே அப்பாவும் அம்மாவும் பிரிஞ்சுட்டாங்க.

மீசை முளைக்கிற வயசுல வாலி ஆடு மேய்க்கப் போனார். ஆட்டுக்கூட்டம் புல்லைத் தேடி நகர்ந்துகிட்டே இருக்கும், மேய்ப்பனும் கூடவே நகரணும். அதனால ராத்திரி வீடு திரும்பற வேலையே இல்லை. கழுதை இழுக்கற ரெண்டு சக்கர வண்டி ஒண்ணு. அதுக்குள்ளே மண்ணெண்ணெய் அடுப்பு, சாப்பாட்டுச் சாமான், தண்ணி, படுக்கை. அதுதான் அவர் வீடு. பின்னாளில் அவர் செஞ்ச வண்டிகளோட முதல் மாடல் அதுதான்னு சொன்னா தப்பே இல்லை. அந்த வயசுல அவருக்குப் பார்க்கிங் பிரச்னையும் இருக்கலை. ஆடு எங்கே நின்னுச்சோ, அங்கேயே வீடும் நின்னுச்சு.

அப்புறம் சில வருஷம் கப்பல்ல வேலை, எடுபிடிப் பையனா ஆரம்பிச்சு மேலே வந்தார். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துல படிச்சு முடிச்சுட்டு, லாஸ் ஏஞ்சலிஸ்ல பத்திரிகை, விளம்பரம், சொந்தமா இதழ் வெளியிடறதுன்னு சுத்தினார். ஆக, இவர் இன்ஜினீயரே கிடையாது. நம்மள மாதிரி எழுதிப் பொழைச்ச ஆளு!

மனைவியும் டென்ட்டும்

1920-கள்ல அமெரிக்காவுல என்ன நடந்துக்கிட்டிருந்ததுன்னு தெரிஞ்சாதான் அடுத்த கட்டம் புரியும். ஃபோர்டு கம்பெனியோட மாடல் டி கார் நடுத்தரக் குடும்பத்துக்கும் கைக்கு எட்டற விலைக்கு வந்துடுச்சு. கார் வாங்கினவங்க எல்லாரும் டென்ட்டையும் சட்டி பானையையும் கட்டிக்கிட்டு ஊர் சுத்தக் கிளம்பிட்டாங்க. ஆரம்பத்துல ரோட்டோரத்துல, யாரோ ஒருத்தர் வயல்ல, பள்ளிக்கூட மைதானத்துலன்னு கிடைச்ச இடத்துல தங்கினாங்க. குப்பையையும் அங்கேயே போட்டுட்டுப் போனாங்க. விவசாயிங்க கடுப்பாகாம இருப்பாங்களா?

இதைப் பார்த்த ஊராட்சிகள் ஒரு ஐடியா பண்ணாங்க. ஊருக்குள்ளேயே ஒரு பூங்காவை ஒதுக்கி, தண்ணிக் குழாய், கழிப்பறை, அடுப்பு, விளக்கு எல்லாம் போட்டு, கார்ல வர்றவங்க இலவசமா தங்கிக்கலாம்னு அறிவிச்சாங்க. இதுக்கு ஆட்டோ கேம்ப்னு பேர். தர்மத்துக்கு ஒண்ணும் பண்ணலை. தங்கறவங்க உள்ளூர்க் கடையில பெட்ரோல், ரொட்டி, இறைச்சி வாங்குவாங்க இல்லையா, அந்தக் கணக்குதான். டென்வர் நகரத்தோட ஓவர்லேண்ட் பார்க் இதுல ரொம்ப ஃபேமஸ். கிளப் கட்டடமே மூணு மாடி!

இலவசம்னா என்ன ஆகும்? வேலை தேடி அலையற ஏழைக் குடும்பங்களும் வந்து வாரக்கணக்குல தங்க ஆரம்பிச்சாங்க. சுற்றுலாவுக்கு வந்தவங்க முகம் சுளிச்சாங்க. 1920-களோட நடுப்பகுதியில பல ஊர்கள் கால் டாலர், அரை டாலர்னு கட்டணம் போட்டு, இத்தனை நாளுக்கு மேலே தங்கக் கூடாதுன்னு விதியும் போட்டாங்க. பொது இடம்னு போர்டு இருந்தாலும், அது எந்தப் பொதுமக்களுக்குன்னு ஒரு கேள்வி அப்பவே ஆரம்பிச்சுடுச்சு. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வருவேன்.

வாலியும் இந்த ஊர்சுத்திக் கூட்டத்துல ஒருத்தர். அவர் மனைவி மேரியனுக்கு டென்ட் வாழ்க்கை சுத்தமா ஆகலை. தரையில படுக்கறது, கிச்சன் இல்லாம சமைக்கறதுன்னு எதுவுமே பிடிக்கலை. நியாயம்தானே? இவருக்கு விடுமுறைன்னா, அவங்களுக்குக் கூடுதல் வேலை. வாலி ஒரு மாடல் டி அடிச்சட்டத்தை எடுத்து, அது மேலே மேடை போட்டு டென்ட் கட்டிப் பார்த்தார். அது சொதப்பல், மழை பெய்தா இன்னும் சொதப்பல். அப்புறம்தான் கண்ணீர்த்துளி வடிவத்துல நிரந்தரமா ஒரு கூடு செஞ்சார். உள்ளே படுக்க இடம், ஒரு சின்ன அடுப்பு, ஐஸ் பெட்டி.

போற வழியெல்லாம் ஜனங்க நிறுத்தி விசாரிச்சாங்க. எழுதற ஆளாச்சே, சும்மா இருப்பாரா? எப்படிச் செய்யறதுன்னு பத்திரிகையில எழுதினார். வரைபடத்தைத் தபால்ல வித்தார். ரெடிமேடா வேணும்னு கேட்டவங்களுக்காக வீட்டுப் பின்புறத்துலயே செஞ்சும் கொடுத்தார். சுத்தியல் சத்தம் தாங்காம அக்கம்பக்கத்தவங்க புகார் சொல்ல, தனி இடத்துக்கு மாறினார். 1931-ல கம்பெனி ஆரம்பம். ஊரே வேலை இல்லாம திண்டாடின பெருமந்த காலம் அது; அப்போ போய் உல்லாச வண்டி விக்க ஒரு கம்பெனி!

அவர் செஞ்ச ஒரு மாற்றம் பார்க்க ரொம்பச் சாதாரணமா இருக்கும். வண்டித் தரையை ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல கீழே இறக்கினார், கூரையைக் கொஞ்சம் ஏத்தினார். அதுவரை குனிஞ்சே நடமாடின மனுஷங்க ட்ரெய்லருக்குள்ள நிமிர்ந்து நின்னாங்க. இந்த ஒரு விஷயத்துக்காகவே மேரியன் சார்புல அவருக்கு நன்றி சொல்லலாம்.

மரத்து வேரும் வளையச் சாலையும்

இந்த இடத்துல வாலியைக் கொஞ்சம் ஓரமா நிறுத்திட்டு, இன்னொருத்தரைப் பார்த்துட்டு வந்துடுவோம். எமிலியோ மைனெக்கே. மரங்களுக்கு வர்ற நோய்களை ஆராய்ச்சி பண்ணினவர். கலிஃபோர்னியாவுல ஆயிரம், ரெண்டாயிரம் வருஷம் நின்ன ராட்சச மரங்கள் ஏன் வாடுதுன்னு பார்க்கச் சொன்னாங்க. அவர் கண்டுபிடிச்ச காரணம் நோயே இல்லை, டூரிஸ்ட்! மரத்தடியில நிழலா இருக்கேன்னு காரை ஏத்தி நிறுத்தி நிறுத்தி, மண்ணு கெட்டிப்பட்டு, மேலாப்புல இருந்த வேர்கள் மூச்சுவிட முடியாம செத்துக்கிட்டிருந்தது.

1930-களோட தொடக்கத்துல அவர் கொடுத்த தீர்வு எளிமையானது. காட்டுக்குள்ள ஒரு வழிச் சாலை ஒண்ணு வளையமா சுத்தி வரணும். அதுலேர்ந்து பக்கவாட்டுல சாய்வா சின்னச் சின்ன ஒதுக்கு வழிகள். ஒரு குடும்பத்துக்கு ஒரு ஒதுக்கு. காரை அதுக்குள்ள நிறுத்தணும், அதைத் தாண்டிப் போகாதபடி பெரிய கல்லோ மரக்கட்டையோ போட்டு வெச்சுடணும். பக்கத்துலயே மேஜை, அடுப்பு, டென்ட் போட இடம். நடுவுல செடி கொடியை அப்படியே விட்டா, அடுத்த குடும்பத்துக்கும் உங்களுக்கும் இயற்கையா ஒரு மறைப்பு.

1933-ல அதிபர் ரூஸ்வெல்ட், வேலை இல்லாத இளைஞர்களுக்காக சிவிலியன் கன்சர்வேஷன் கார்ப்ஸ்னு ஒரு திட்டம் கொண்டு வந்தார். 1942 வரை நடந்த அந்தத் திட்டத்துல, உங்க வயசுப் பசங்க லட்சக்கணக்குல காட்டுக்குப் போய் மரம் நட்டாங்க, பாதை போட்டாங்க, இந்த வளைய முகாம்களையும் நாடு முழுக்கக் கட்டினாங்க. இன்னிக்கும் அமெரிக்காவுல எந்த அரசுக் கேம்ப்கிரவுண்டுக்குப் போனாலும் பெரும்பாலும் இந்த வடிவத்தைத்தான் பார்ப்பீங்க. முகப்புல தர்ற மேப்புல லூப் ஏ, லூப் பி-னு போட்டிருப்பாங்களே, அது இதுதான்.

இதுல ஒரு சிக்கல். அந்த ஒதுக்கு வழிகள் ஒரு காருக்கும் ஒரு டென்ட்டுக்கும் அளவெடுத்தது. அதே வருஷங்கள்லதான் வாலி மாதிரி ஆளுங்க ட்ரெய்லர் விக்க ஆரம்பிச்சாங்க! காரும் ட்ரெய்லரும் சேர்ந்தா அந்தச் சந்துக்குள்ள அடங்காது. அடங்கினாலும் ரிவர்ஸ் எடுத்துத்தான் உள்ளே விடணும். ட்ரெய்லரை ரிவர்ஸ் எடுக்கறது இருக்கே... ஸ்டீயரிங்கை இடது பக்கம் ஒடிச்சா வண்டி வலது பக்கம் போகும். சுத்தி நாலு குடும்பம் காபி குடிச்சுக்கிட்டே வேடிக்கை பார்க்கும். பின்னாடி ஒரு பக்கம் நுழைஞ்சு மறுபக்கம் வெளியேறற இடங்களையும் பூங்காக்கள்ல வடிவமைச்சாங்க. ஆனா பழைய சந்துகள் நிறைய இடத்துல அப்படியேதான் இருக்கு.

விமானத்துலேர்ந்து வந்த வெள்ளி

1936, ஜனவரி. வாலியோட கிளிப்பர் ட்ரெய்லர் வந்தது. அலுமினியத் தகடுகளை ஆணியடிச்சு இணைச்ச, விமான உடம்பு மாதிரியே ஒரு வண்டி. இந்த ஐடியா முழுக்க இவரோடது கிடையாது. ஹாலி பௌலஸ்னு ஒருத்தர், சார்லஸ் லிண்ட்பெர்க் தனியா அட்லாண்டிக்கைத் தாண்டினாரே, அந்த விமானத்தைக் கட்டினதுல பங்கு உள்ளவர். அவர் 1934-லயே அலுமினிய ட்ரெய்லர் செஞ்சு வித்து, கம்பெனி மூழ்கிப் போச்சு. வாலி அந்த வடிவத்தை எடுத்து மாத்தினார். பெரிய மாற்றம் என்னன்னா, பௌலஸ் வண்டியில கதவு முன்பக்கம், இழுவைக் கம்பி மேலே ஏறித்தான் உள்ளே போகணும். வாலி கதவைப் பக்கவாட்டுக்குக் கொண்டு வந்தார்.

விலை 1,200 டாலர். அந்தக் காலத்துக்கு அது பெரிய காசு. நாலு பேர் தூங்கலாம், தண்ணித் தொட்டி உண்டு, மின்விளக்கு உண்டு. அந்தச் சமயத்துல ட்ரெய்லர் மோகம் உச்சத்துல இருந்தது. இன்னும் 20 வருஷத்துல அமெரிக்கர்கள்ல பாதிப் பேர் ட்ரெய்லர்லதான் வாழ்வாங்கன்னு ரோஜர் பாப்சன்கிற பொருளாதார நிபுணர் ஜோசியம் சொல்ற அளவுக்கு!

ஜோசியம் பலிக்கலை. நகரங்கள் பயந்துபோய், ட்ரெய்லரை இங்கே நிறுத்தாதே, இத்தனை நாளுக்கு மேலே தங்காதேன்னு சட்டம் போட ஆரம்பிச்சுது. வேலை இல்லாத குடும்பங்கள் வேற வழி இல்லாம ட்ரெய்லர்ல குடியிருந்ததால, ட்ரெய்லர்னாலே ஏழைங்கன்னு ஒரு முத்திரையும் விழுந்தது. அடுத்து உலகப்போர். அலுமினியம் முழுக்க விமானத்துக்குப் போச்சு. வாலி கடையைச் சாத்திட்டு விமானத் தொழிற்சாலை வேலைக்குப் போனார். போர் முடிஞ்ச பிறகு 1940-களோட கடைசியிலதான் ஏர்ஸ்ட்ரீம் திரும்ப உயிர் பெற்றது. 1947-ல ஒரு ட்ரெய்லரை சைக்கிள்ல கட்டி இழுக்கற மாதிரி விளம்பரம் பண்ணாங்க. சைக்கிள் ஓட்டினவர் அல்ஃபிரட் லெட்டூர்னர், பிரெஞ்சு ரேஸ் வீரர். வண்டி எவ்வளவு லேசுன்னு காட்ட இதைவிட நல்ல விளம்பரம் இருக்க முடியுமா!

63 கிளம்பி 14 முடித்த கதை

1951-ல வாலிக்கு ஒரு ஆசை. மெக்ஸிகோ வழியா மத்திய அமெரிக்காவுக்கு ட்ரெய்லர் ஓட்டிக்கிட்டுப் போகணும், யார் வர்றீங்கன்னு கேட்டார். 63 ட்ரெய்லர் வந்து நின்னுச்சு! இலக்கு நிகராகுவா.

அந்தப் பயணம் மெக்ஸிகோவுக்கு அப்புறம் நரகமா மாறிச்சு. ரோடுன்னு மேப்புல இருக்கும், நேர்ல இருக்காது. பாலம் இல்லாத ஆறு, சேறு, உடைஞ்ச அச்சு, கழண்ட இணைப்பு. கூட்டத்துல நிறைய பேர் வேலையிலேர்ந்து ஓய்வுபெற்ற வயசானவங்க. ஒவ்வொருத்தரா பாதியில திரும்பினாங்க. முழுப் பயணத்தையும் முடிச்சது 14 வண்டிதான். இனிமே கூட்டத்தைக் கூட்டிக்கிட்டு எங்கேயும் போறதில்லைன்னு வாலி நொந்து போனார். அடுத்த வருஷமே திரும்பக் கிளம்பினார்ங்கறது வேற விஷயம்.

நான் இந்தப் பயணத்தைத் தோல்வின்னு சொல்ல மாட்டேன். உடைஞ்சது ஒவ்வொண்ணையும் அவர் தொழிற்சாலைக்குக் கொண்டு போனார். அச்சு ஏன் முறிஞ்சுது, தண்ணித் தொட்டி எத்தனை நாள் தாங்குச்சு, விளக்கு எப்போ அணைஞ்சுதுன்னு பார்த்து, அடுத்த மாடலை மாத்தினார். 1952-ல ஒஹாயோ மாநிலத்து ஜாக்ஸன் சென்டர்ல இன்னொரு தொழிற்சாலையும் வந்துடுச்சு.

இடம் தேடற கேள்விக்கு ரெண்டு பதில்களை இந்த வருஷங்கள்லதான் அவர் கண்டுபிடிச்சார். ஒண்ணு, கூட்டம். தனியா ஒரு ட்ரெய்லர் ஊருக்குள்ள வந்தா நாடோடின்னு துரத்துவாங்க. நாப்பது, அம்பது வெள்ளி வண்டி வரிசையா, முன்கூட்டியே சொல்லிட்டு வந்தா, அதுவே ஊருக்குத் திருவிழா! ஊர்ப் பொருட்காட்சித் திடலைத் திறந்துவிடுவாங்க. அதுல சக்கரத்தோட ஆரக்கால் மாதிரி வட்டமா நிறுத்தினாங்க. 1955-ல கனடாவோட கென்ட்வில் ஊர்ல கூடினப்போ, அவர் பேர்லயே ஒரு கிளப் ஆரம்பிச்சாங்க. உறுப்பினர்களுக்கு நீல பெரே தொப்பி, வண்டி நெத்தியில சிவப்புல பெரிய நம்பர். இப்பவும் பழைய ஏர்ஸ்ட்ரீம் படங்கள்ல அந்தச் சிவப்பு நம்பரைப் பார்க்கலாம்.

ரெண்டாவது பதில், யார்கிட்டயும் எதுவும் கேட்காத வண்டி. ட்ரெய்லர்காரங்க பாஷையில ஹூக்-அப்னு ஒரு வார்த்தை உண்டு. முகாம்ல இருக்கற கரன்ட், தண்ணி, சாக்கடைக் குழாய் மூணுலயும் வண்டியை இணைக்கறது. இது இருந்தாதான் வண்டி வீடு. இல்லைன்னா வெறும் தகரப் பெட்டி. 1950-களோட பிற்பகுதியில வந்த இன்டர்நேஷனல் மாடல்ல, பேட்டரி விளக்கு, கேஸ் அடுப்பு, கேஸ்ல ஓடற ஃப்ரிட்ஜ், தண்ணித் தொட்டி, டாய்லெட் எல்லாம் வண்டிக்குள்ளயே. எந்தக் குழாயும் இல்லாத காட்டுலயும் சில நாள் தாங்கும். பூங்காக்கள்ல ஹூக்-அப் அபூர்வமா இருந்த அந்தக் காலத்துல, இது பெரிய விடுதலை.

தேவையும் அவசரமா இருந்தது. 1950-களோட நடுவுல அமெரிக்க தேசியப் பூங்காக்களுக்கு வருஷத்துக்கு 5 கோடிக்கும் மேல ஜனங்க வந்தாங்க. வசதிகள் அதுல பாதிக்குக்கூடப் போதலை. மிஷன் 66-னு 10 வருஷத் திட்டம் ஒண்ணை 1956-ல தொடங்கி, சாலையும் முகாமுமா கட்டித் தள்ளினாங்க.

பொது இடம், யாருக்கு?

திரும்ப வருவேன்னு சொன்னேனே, அது இந்த இடம்தான். வாலியோட கதையைச் சொல்ற கம்பெனி விளம்பரங்கள்ல சுதந்திரம்கிற வார்த்தை நிறைய வரும். வர்ஜீனியா மாநிலத்து ஷெனன்டோவா தேசியப் பூங்காவுல 1939-ல லூயிஸ் மவுன்டன்னு ஒரு முகாமைத் திறந்தாங்க. அதே பூங்காவுல மத்த முகாம்கள் வெள்ளையர்களுக்கு; இது ஒண்ணு மட்டும் கறுப்பின மக்களுக்கு. அரசாங்கத்தோட பூங்கா, எல்லோர் வரிப்பணமும் போன இடம்! கறுப்பினக் குடும்பம் கார்ல கிளம்பினா, எந்த ஊர்ல தங்க விடுவாங்கன்னு பார்க்கறதுக்கே கிரீன் புக்னு ஒரு கையேடு தேவைப்பட்டது. 1936-லேர்ந்து 1960-களோட நடுப்பகுதி வரைக்கும் அது வந்துக்கிட்டிருந்தது. இன்னிக்கு ராத்திரி எங்கே நிறுத்துறதுங்கற கேள்வி வாலிக்கு ஒரு சாகசம். அவங்களுக்கு அது உயிர்ப் பயம்.

இதுக்காக வாலியைக் குற்றவாளிக் கூண்டுல ஏத்தணும்னு சொல்ல வரலை. ஆனா 1959-ல அவர் 41 ட்ரெய்லரோட கிளம்பின இடம் எதுன்னு பாருங்க: தென்னாப்பிரிக்காவோட கேப் டவுன். இனவெறிச் சட்டம் உச்சத்துல இருந்த காலம். அந்த மண்ணுல பிறந்தவங்களுக்கு, சொந்த ஊருக்குள்ள நடமாடவே பாஸ் வேணும். கடல் தாண்டி வந்த ட்ரெய்லருக்கு வழி திறந்திருந்தது. படங்களைப் பார்க்கறப்ப எனக்கு இது உறுத்தாம இல்லை.

அந்தப் பயணத்தோட கஷ்டத்தையும் மறைக்க முடியாது. கேப் டவுன்லேர்ந்து கெய்ரோ வரைக்கும், ஆப்பிரிக்காவோட கீழ் நுனியிலேர்ந்து மேல் நுனி. பல மைல் தூரத்துக்குத் தார் ரோடே கிடையாது. சேத்துல புதைஞ்ச ட்ரெய்லர்களைக் கயிறு கட்டி இழுத்தாங்க. எத்தியோப்பியாவுல பேரரசர் ஹெய்லி செலாசியே இவங்க வண்டிகளைப் பார்க்க வந்தார். 1960-ல கெய்ரோ. பிரமிடுகளுக்கு முன்னாடி வெள்ளி வண்டிகள் வரிசையா நிக்கற அந்த போட்டோவை நீங்களும் பார்த்திருக்கலாம். எந்தக் கேம்ப்கிரவுண்ட் புத்தகத்துலயும் இல்லாத இடம்! வாலியோட சொந்த ட்ரெய்லர் மட்டும் வெள்ளி இல்லை, தங்க நிறம். கொஞ்சம் பந்தாதான்.

ஆப்பிரிக்காவுலேர்ந்து ஒரு பேரையும் கொண்டு வந்தார். அங்கோலாவோட சின்ன மான் வகை ஒண்ணோட பேரை, 1961-ல வந்த குட்டி ட்ரெய்லருக்கு வெச்சார். பாம்பி. 16 அடி நீளம்தான்.

16 அடியோட அருமை உங்களுக்கு எப்போ தெரியும்னா

அமெரிக்காவுல இருக்கற அக்காவோ நண்பரோ, லீவுக்கு வா, ட்ரெய்லர் வாடகைக்கு எடுத்து யோஸெமிட்டி போகலாம்னு கூப்பிட்டா, முதல்ல கேட்க வேண்டிய கேள்வி வண்டி எத்தனை அடிங்கறதுதான். தேசியப் பூங்காக்கள்ல மைனெக்கே காலத்துச் சந்துகள் இன்னும் இருக்கறதால, 30 அடி ட்ரெய்லருக்குப் பல முகாம்கள்ல இடமே கிடையாது. 16 அடிக்காரர் ஜாலியா நுழைஞ்சுடுவார். முன்பதிவு பண்ற ரிக்ரியேஷன் டாட் கவ் தளத்துல, ஒவ்வொரு இடத்துக்கும் எவ்வளவு நீளம் ஆகும்னு போட்டிருப்பாங்க. அது ட்ரெய்லருக்கு மட்டுமா, காரும் சேர்த்தான்னு நிதானமா படிங்க. அங்கேதான் நிறைய பேர் மாட்டிக்கறாங்க. ரிவர்ஸ் பயம் இருந்தா, நேரா நுழைஞ்சு நேரா வெளியேறற இடமான்னும் பார்த்துக்கோங்க.

பிரபலமான முகாம்கள் பல மாசத்துக்கு முன்னாடியே, திறந்த சில நிமிஷத்துல தீர்ந்துடும், நம்ம ஊர் தட்கல் மாதிரி. ஆனா கேன்சலேஷன் நிறைய வரும், விடாம பார்த்துக்கிட்டே இருந்தா கிடைக்கும். அதோட, தேசியப் பூங்கா மட்டும்தான் பொது இடம்னு நினைச்சுடாதீங்க. மாநிலப் பூங்காக்களுக்குத் தனித் தளங்கள் இருக்கு. கவுன்டிப் பூங்காக்கள் இருக்கு. அமெரிக்க ராணுவத்தோட பொறியாளர் பிரிவு கட்டின அணை, ஏரிக்கரைகள்ல இருக்கற முகாம்கள் பல பேருக்குத் தெரியவே தெரியாது. நிறைய இடத்துல கரன்ட்டும் உண்டு. தேசிய வனங்கள்ல, முதல்ல வர்றவங்களுக்கு முதல்ல இடம்கிற முகாம்கள் இருக்கு. வார நாள்ல மதியத்துக்குள்ள போனா வாய்ப்பு அதிகம்.

இது எதுவும் கிடைக்கலைன்னா, மேற்கு மாநிலங்கள்ல நில மேலாண்மைத் துறையோட திறந்தவெளி நிலங்கள். காசு கிடையாது, குழாய் கிடையாது, கழிப்பறையும் கிடையாது. பொதுவா 14 நாள் வரை தங்கலாம், அப்புறம் நகர்ந்துடணும். குப்பையை நீங்களேதான் எடுத்துட்டுப் போகணும், டாய்லெட் தொட்டியை அதுக்குன்னு இருக்கற டம்ப் ஸ்டேஷன்லதான் காலி பண்ணணும். ஆடு மேய்ச்ச பையனோட வாழ்க்கைக்கு இன்னிக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கற இடம் இதுதான். ஒண்ணு மட்டும்: எங்கே போனாலும் இருட்டறதுக்கு முன்னாடி போய்ச் சேர்ந்துடுங்க. ராத்திரியில தெரியாத காட்டுல ட்ரெய்லர் ரிவர்ஸ் எடுக்கறதெல்லாம் எதிரிக்கும் வேண்டாம்.

தங்க வண்டி இல்லாத பயணம்

கெய்ரோவுக்கு அப்புறம், உலகத்தையே சுத்தணும்னு ஒரு திட்டம் இருந்தது. அதுக்குள்ள வாலிக்கு மூளையில கட்டி. 1962, ஜூலை 22-ல இறந்து போனார். 66-வது பிறந்தநாள் முடிஞ்சு மூணு வாரம்கூட முழுசா ஆகலை.

7 வருஷம் கழிச்சு, நிலாவுலேர்ந்து திரும்பின நீல் ஆம்ஸ்ட்ராங் குழுவை நாசா தனிமைப்படுத்தி வெச்சதே ஏர்ஸ்ட்ரீம் செஞ்ச ஒரு பெட்டிக்குள்ளதான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூணு பேரும் சிரிச்சுக்கிட்டு, இந்தப் பக்கம் அதிபர் நிக்ஸன் பேசற போட்டோ, அந்த வண்டிதான்.

உலகப் பயணம் நிக்கலை. அவர் இல்லாமலே 1963-ல கிளப்காரங்க சிங்கப்பூர்ல கிளம்பிட்டாங்க. மலேயா, தாய்லாந்து தாண்டி, நம்ம இந்தியாவுக்குள்ளயும் அந்த வெள்ளி வண்டிகள் வந்துச்சு. இங்கேயும் சாயங்காலம் ஆனா வண்டியை எங்கே நிறுத்துறதுன்னு யாரோ ஒருத்தர் மேப்பை விரிச்சிருப்பார். இங்கேர்ந்து ஆப்கானிஸ்தான், ஈரான்னு போய், போர்ச்சுகலோட லிஸ்பன்ல கடலைப் பார்த்து நிறுத்தினாங்க.